மொட்டைமாடி ஒழுகல், குளியலறைக் கசிவு: அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்டர்புரூஃபிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் 12 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பில் சங்கச் செயலாளராக இருந்தேன். கீழே கார் நிறுத்தம், மேலே மூன்று மாடிகள். நான் பொறுப்பில் இருந்த காலத்தில் எங்கள் மொட்டைமாடிக்கு மூன்று முறை வாட்டர்புரூஃபிங் செய்தோம். முதல் இரண்டும் அடுத்த ஐப்பசியைத் தாண்டவில்லை. மூன்றாவது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையையும் தாங்கி இன்றும் நிற்கிறது. மூன்று முறையும் ஏறக்குறைய ஒரே தரத்துப் பொருளைத்தான் வாங்கினோம். வேலை செய்த முறைதான் வேறு. அக்கம்பக்கத்துச் சங்கங்களிலிருந்து என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

சீலிங்கில் ஈரக்கறை படிந்திருக்கிறது. உள்பக்கமே ஓதம் தடுக்கும் பெயின்ட் அடித்துவிட்டால் போதாதா?

போதாது. செலவு வீணாவதோடு கெடுதலும் உண்டு. தண்ணீர் மேலிருந்து தளத்துக்குள் இறங்குகிறது. நீங்கள் கீழ்வாசலை மட்டும் மூடுகிறீர்கள். உள்ளே வந்த நீர் வெளியேற வழியில்லாமல் கான்கிரீட்டிலேயே தங்கும், கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் உண்டான இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் விரிசல் விட்டுப் பெயர்ந்து விழும். கறை மறைந்ததே என்று இருந்துவிட்டால், இரண்டு மூன்று மழைக்காலம் கழித்து சீலிங்கே கீழே வருகிறது. நீர் நுழையும் பக்கத்தில்தான் தடுப்பு இருக்க வேண்டும். சீலிங் பெயின்ட் கடைசி வேலை. மேலே வேலை முடிந்து, தளம் சில வாரங்கள் நன்றாக உலர்ந்த பிறகே அதைத் தொட வேண்டும்.

கசிவு எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எப்போது ஒழுகுகிறது என்பதை முதலில் எழுதி வையுங்கள். ஒரு நோட்டில் தேதி, நேரம், மழை பெய்ததா, சொட்டியதா, கறை பெரிதானதா என்று ஒரு மாதம் குறித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மழைக்குப் பிறகு மட்டும் வந்தால் மொட்டைமாடி, வெளிச்சுவர், சன்ஷேடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கோடையிலும் நிற்காமல் ஈரமாக இருந்தால் தண்ணீர்க் குழாயோ மேல்நிலைத் தொட்டியோ காரணமாக இருக்கலாம். மேல் வீட்டில் ஆள் இருக்கும் நாட்களில் மட்டும் வந்தால் குளியலறையின் தரை அல்லது கழிவுக் குழாய்.

சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். தளத்துக்குள் மின்கம்பிகள் செல்லும் பைப்புகள் புதைந்திருக்கின்றன. ஒரு மூலையில் நுழைந்த நீர் அந்தப் பைப்புக்குள் ஓடி, 15 அடி தள்ளி ஃபேன் கொக்கி வழியாகச் சொட்டும். எங்கள் மூன்றாவது மாடியில் ஒரு படுக்கையறையில் இதுதான் நடந்தது. ஃபேனுக்கு நேர் மேலே இருந்த தளத்தை இரண்டு முறை பூசினோம். தண்ணீர் நுழைந்ததோ கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் இருந்த, தலைமுடி அளவு விரிசலில். மின்சாரப் புள்ளி வழியாகத் தண்ணீர் வந்தால் அந்த அறையின் மின் இணைப்பை உடனே நிறுத்திவிடுங்கள், உயிருக்கு ஆபத்து.

கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. நல்ல மழை விட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு சாக்பீஸோடு மாடிக்குப் போங்கள். தண்ணீர் தேங்கி நிற்கும் ஒவ்வொரு இடத்தையும் வட்டமிட்டு, போட்டோ எடுத்து வையுங்கள். காண்ட்ராக்டர் யாராக இருந்தாலும் அவரிடம் முதலில் காட்ட வேண்டியது அந்தப் படங்களைத்தான்.

எங்கள் மாடியில் தட்டோடு பதித்திருக்கிறது. அதை உடைக்கத்தான் வேண்டுமா? மேலேயே பூசினால் ஆகாதா?

தட்டோட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் பதில் எளிது. நம் ஊர்ப் பழைய முறையில், கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுமார் மூன்று அங்குலம் போடுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். அதன்மேல் தட்டோடு. ஒழுங்காகச் செய்த தளம் பல பத்தாண்டுகள் ஒழுகாமல் இருந்திருக்கிறது; வெயிலையும் தடுக்கும். அந்த வேலையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் பிற்காலத்துக் கட்டடங்கள் பலவற்றில் தட்டுவதும் இல்லை, போதிய சுண்ணாம்பும் இல்லை. தட்டோட்டு இடுக்கில் நுழைந்த நீரை அந்த ஜல்லி உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை விட்டபின்னும் நாள்கணக்கில் கீழே விட்டுக்கொண்டிருக்கும்.

ஒரு சிறிய சுத்தியலால் தட்டோடுகளை வரிசையாகத் தட்டிப் பாருங்கள். பெரும்பாலானவை கணீரென்று ஒலித்து, ஆங்காங்கே மட்டும் பொத்தென்று கேட்டால் உடைக்க வேண்டாம். பெயர்ந்தவற்றை மாற்றி, இடுக்குகளைக் கீறி எடுத்துப் புதிதாக அடைத்து, அதன்மேல் பூச்சு கொடுக்கலாம். பாதிக்கு மேல் பொத்தென்று ஒலித்தால், அல்லது ஒரு தட்டோட்டைப் பெயர்த்துப் பார்க்கும்போது கோடையிலும் ஜல்லி ஈரமாக இருந்தால், முழுவதையும் எடுக்கத்தான் வேண்டும். ஈரத்தின் மேல் பூசிய பூச்சு வெயிலில் ஆவி அழுத்தி, அப்பளம்போல் உப்பிவிடும். எங்கள் முதல் வேலை போனது இப்படித்தான்.

பழையதை எடுக்காமல் அதன்மேல் இன்னொரு அடுக்கு கான்கிரீட் போடச் சொல்பவர்களிடம் கவனமாக இருங்கள். மூன்று அங்குலக் கனத்துக்கு ஒரு சதுர மீட்டரில் 100 கிலோவுக்கு மேல் சுமை கூடும். ஆட்கள் நடமாடும் மொட்டைமாடியைச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ நடமாட்டச் சுமைக்குத்தான் வடிவமைக்கிறார்கள். உடைக்கும்போதும் இதே கணக்கை மனதில் வைத்து, இடிபாடுகளை ஒரே இடத்தில் குவிக்காமல் அன்றன்றைக்கு இறக்கச் சொல்லுங்கள்.

எந்தக் கெமிக்கல் நல்லது?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். நான் நான்காவதாக வைத்திருக்கிறேன். சரிவும் மூலைகளும் சரியாக இல்லாத மாடியில் எந்தப் பொருளும் நிற்காது.

சிமென்ட்டும் பாலிமர் திரவமும் கலந்து பூசும் இரண்டு பாகப் பூச்சு, மேலே தட்டோடோ டைல்ஸோ வரப்போகும் இடங்களுக்கும் குளியலறைக்கும் பொருத்தம். வெயிலில் திறந்து கிடக்கும் தளத்துக்கு, ரப்பர்போல் நீளும் பாலியூரித்தேன் பூச்சு நல்லது. ஆனால் எல்லாப் பாலியூரித்தேனும் வெயில் தாங்காது. புறஊதாக் கதிரைத் தாங்கும் வகையா, அல்லது மேலே தனிப் பூச்சு வேண்டுமா என்று கேளுங்கள். தார்த் தாளை நெருப்பால் உருக்கி ஒட்டும் முறை பெரிய, தடங்கலில்லாத தளங்களில் நன்றாக வரும். குழாய்கள், தொட்டிக் கால்கள் எல்லாம் நெருக்கமாக முளைத்திருக்கும் நம் மாடிகளில் அதை ஒவ்வொரு இடத்திலும் வெட்டி ஒட்ட வேண்டும். தேர்ந்த கை இல்லையென்றால் ஒட்டின இடத்திலேயே ஒழுகும். வெறும் அக்ரிலிக் வெள்ளைப் பூச்சு வெப்பம் குறைய உதவும். தண்ணீர் தேங்கும் தளத்தில் அது மட்டும் போதாது.

சரிவு எவ்வளவு இருக்க வேண்டும்?

10 அடிக்கு ஒன்றரை அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிரப்பிய ரசமட்டக் குழாயைப் பிடித்து நீங்களே அளந்துவிடலாம். மழைநீர்க் குழாய்களின் வாய் தளத்தைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். பல வீடுகளில் மீண்டும் மீண்டும் பூசிப் பூசித் தளம் உயர்ந்து, குழாய் வாயைச் சுற்றி ஒரு குளமே நிற்கிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் நம் மாடிக் குழாய்கள் சேகரிப்புக் குழிக்குத்தான் போகின்றன. அந்தக் குழி மண் அடைத்து நிரம்பியிருந்தால் மேலே சரிவு எவ்வளவு இருந்தும் தண்ணீர் இறங்காது. இதை யாரும் யோசிப்பதில்லை.

கைப்பிடிச் சுவரைக் கூடப் பூச வேண்டுமா? காண்ட்ராக்டர் தளத்துக்கு மட்டும்தான் கணக்கு சொல்கிறார்.

கட்டாயம் பூச வேண்டும். தளம் கான்கிரீட், கைப்பிடிச் சுவர் செங்கல். வெயிலில் இரண்டும் வேறுவேறு அளவில் விரியும். அவை சேரும் மூலைதான் முதலில் விரிசல் விடும். அந்த மூலையைக் கீறித் திறந்து, சுத்தம் செய்து, பாலிமர் கலந்த கலவையால் வளைவாகப் பூசி, ஃபைபர் வலையைப் பதித்து, பூச்சைச் சுவரில் குறைந்தது ஓர் அடி உயரத்துக்கு ஏற்ற வேண்டும். சுவரின் உச்சியையும் மாடியின் பக்கம் சாய்வாக அமைத்துப் பூச வேண்டும். அது தட்டையாக இருந்தால் நீர் சுவருக்குள்ளேயே இறங்கும். தொட்டிக் கால்கள், குழாய் துளைக்கும் இடங்கள், படிக்கட்டு அறையின் வாசற்படி, எல்லாவற்றுக்கும் இதே கவனம் தேவை. பரப்பளவில் இவை சிறிய பகுதிதான். எங்கள் மேஸ்திரி மூன்றாவது முறை வேலை செய்த 19 நாட்களில் 8 நாட்களை இந்த மூலைகளுக்கே கொடுத்தார். அதைப் பார்த்து “வேலை நகரவே இல்லையே” என்று குறைபட்டவர்களில் நானும் ஒருவன்.

ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்?

“மொட்டைமாடி வாட்டர்புரூஃபிங், சதுர அடிக்கு இத்தனை ரூபாய்” என்று ஒரே வரியில் வரும் கொட்டேஷனை ஏற்காதீர்கள். எத்தனை கோட் என்பதும் போதாது. தண்ணீர் கலந்து நான்கு கோட் அடித்துவிடலாம். காய்ந்த பின் எத்தனை மில்லிமீட்டர் தடிமன், சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்று எழுதி வாங்குங்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன். எங்கள் மாடி 4,000 சதுர அடி, அதாவது சுமார் 370 சதுர மீட்டர். நாங்கள் தேர்ந்தெடுத்த பொருளின் தகவல் தாளில், 1 மி.மீ. தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு ஒன்றரை கிலோ என்று இருந்தது. ஆக 555 கிலோ. 20 கிலோ வாளி என்றால் 28 வாளிகள். முதல் முறை வேலை முடிந்தபோது எங்கள் மாடியில் கிடந்த காலி வாளிகள் 11. அன்று அதை எண்ண வேண்டும் என்றே எங்களுக்குத் தெரியவில்லை. மூன்றாவது முறை, சீல் உடைக்காத வாளிகளைச் சங்க உறுப்பினர் ஒருவர் முன்னிலையில் இறக்கி, தயாரிப்புத் தேதியைக் குறித்து, ஒவ்வொரு நாளும் எத்தனை திறந்தார்கள் என்று எழுதினோம். மேஸ்திரி கோபித்துக்கொள்ளவில்லை; “இப்படிக் கணக்கு கேக்குறவங்க வீட்டுலதான் சார் எங்க வேலைக்கும் மரியாதை” என்றார்.

பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள்: பழையதை எடுத்துச் சுத்தம் செய்தபின், சரிவும் மூலைகளும் முடிந்தபின், பூச்சு முடிந்தபின், தண்ணீர்ச் சோதனைக்குப் பின். 10 சதவீதத்தை ஒரு வடகிழக்குப் பருவமழை முடியும்வரை நிறுத்தி வைக்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். பின்னால் கேட்டால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பத்து வருட கேரண்டி தருகிறேன் என்கிறாரே?

யார் தருகிறார்கள் என்று பாருங்கள். பொருள் தயாரித்த நிறுவனம் தருவது பெரும்பாலும் பொருளுக்கு மட்டும். வேலைக்கான பொறுப்பு காண்ட்ராக்டருடையது. ஒழுகினால் எத்தனை நாளில் வருவார், அந்த இடத்தை உடைத்து மறுபடி செய்யும் கூலி யாருடையது, எந்தச் சூழலில் கேரண்டி செல்லாது என்பது எழுத்தில் இல்லாவிட்டால் அந்தத் தாளால் பயனில்லை.

பூசுவதற்கு முன் தளம் காய்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒன்றரை அடிச் சதுரத்துக்கு ஒரு தெளிவான பாலிதீன் தாளைத் தளத்தில் விரித்து, நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் தாளின் அடியில் நீர்த்துளி பூத்திருந்தாலோ தளம் கறுத்திருந்தாலோ இன்னும் காயவில்லை. மாடியில் மூன்று நான்கு இடங்களில் செய்யுங்கள்.

தண்ணீர் தேக்கிச் சோதிப்பது அவசியமா?

அவசியம். இதற்கு மறுப்பு சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். பூச்சு முழுதும் இறுகிய பிறகு, தட்டோடோ வேறு எதுவுமோ மேலே போடுவதற்கு முன்பு, குழாய் வாய்களை அடைத்து 48 மணி நேரம் நீர் தேக்க வேண்டும். மேடான பகுதியில் ஓர் அங்குலமாவது நிற்கட்டும். பள்ளத்தில் 4 அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். 4 அங்குல நீர் சதுர மீட்டருக்கு 100 கிலோ எடை. பெரிய மாடியைச் சிறு கரை கட்டிப் பகுதி பகுதியாகச் செய்யலாம். கீழ் வீடுகளின் சீலிங்கை முன்னும் பின்னும் போட்டோ எடுங்கள். கட்டடம் பழையது, சீலிங்கில் கம்பி தெரிகிறது என்றால் பொறியாளரைக் கேட்காமல் நீர் தேக்காதீர்கள்.

எந்த மாதத்தில் செய்வது நல்லது?

சென்னையிலும் வடமாவட்டங்களிலும் மாசி, பங்குனி. சித்திரை வரை நீட்டலாம். கத்திரி வெயிலில் சுடும் தளத்தில் பூச்சு காய்வதற்குள் தோல் கட்டிவிடும் என்பதால் காலையிலும் மாலையிலும் மட்டும் பூசச் சொல்லுங்கள். ஆனி பிறந்தபின் சாயங்கால மழை நம்ப முடியாது. ஐப்பசி முதல் மழையில் ஒழுகியதும் ஓடிப்போய் ஆள் பிடிப்பதுதான் நம் வழக்கம். அப்போது செய்யக்கூடியது தற்காலிக வேலை மட்டும்: குழாயைச் சுத்தம் செய்து, தார்ப்பாய் போட்டு, தை மாதத்தில் பொதுக்குழுவைக் கூட்டுங்கள்.

ஒழுகுவது மூன்றாவது மாடியில். முதல் மாடிக்காரர்கள் ஏன் பணம் தர வேண்டும்?

மொட்டைமாடி மூன்றாவது மாடிக்காரருடையது அல்ல. கூரை, தூண், விட்டம், அடித்தளம், பிரதான சுவர்கள் எல்லாம் பொதுப் பகுதி. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 இப்போது நடைமுறையில் இருக்கிறது. 2024 மார்ச்சில் அமலுக்கு வந்தது. பொதுப் பகுதியின் செலவு எல்லா உரிமையாளர்களுக்கும் உரியது. விகிதம் உங்கள் பத்திரத்திலும் சங்க விதிகளிலும் உள்ளபடி, பொதுவாகப் பிரிக்கப்படாத மனைப் பங்கு அல்லது சதுர அடி அளவில் இருக்கும்.

சட்டத்தைக் காட்டுவதற்கு முன்னால், மறுப்பவரை மேல் வீட்டுக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள். எங்கள் குடியிருப்பில் கடுமையாக எதிர்த்த பெரியவர், மழை இரவில் ஒரு குழந்தையின் கட்டிலை நடுக் கூடத்துக்கு இழுத்துப் போட்டிருப்பதைப் பார்த்தார். மறுநாள் முதல் காசோலை அவருடையது. எல்லாரும் அப்படி இருப்பார்கள் என்று சொல்லவில்லை. மாதப் பராமரிப்போடு ஒரு சிறு தொகையைக் கூரைக்கென்று தனிக் கணக்கில் சேர்த்து வந்தால், ஒரே நேரத்தில் பெரிய தொகை கேட்கும் நிலை வராது.

மேல் வீட்டுக் குளியலறையிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒழுகுகிறது. அவர்கள் ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள்.

“எங்க வீட்டுல ஒரு சொட்டுகூட ஒழுகலையே தம்பி” என்று மேல் வீட்டு அம்மா சொன்னபோது அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியவே வாய்ப்பில்லை. குளியலறைத் தளம் 8 முதல் 12 அங்குலம் பள்ளமாக இறக்கிக் கட்டப்பட்டிருக்கும். அந்தப் பள்ளத்தில் குழாய்களைப் போட்டு, உடைந்த செங்கலால் நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். டைல்ஸ் இடுக்கில் இறங்கும் நீரும் குழாய் இணைப்பில் கசியும் நீரும் அந்தப் பள்ளத்தில் தொட்டிபோல் நிற்கும். நிறைந்த பிறகு உங்கள் தலைமேல் சொட்டும்.

சண்டைக்கு முன் மூன்று சோதனைகள். இரவு மேல் வீட்டின் மெயின் வால்வை மூடி, காலையில் சொட்டு குறைந்ததா என்று பாருங்கள். குறைந்திருந்தால் தண்ணீர்க் குழாயில் கோளாறு. குறையாவிட்டால், தரை வடிகாலை அடைத்து, ஓர் அங்குல நீரில் கோலப்பொடிக் கடையில் கிடைக்கும் சாயம் கலந்து ஒரு நாள் தேக்குங்கள். கீழே நிறத்தோடு வந்தால் தரை. வராவிட்டால் கழிவறையிலும் வாஷ்பேசினிலும் சாயம் ஊற்றிப் பாருங்கள். நிறம் வந்தால் கழிவுக் குழாய் இணைப்பு. பள்ளத்தில் ஏற்கெனவே நிற்கும் பழைய நீரும் சொட்டும் என்பதால் முடிவு தெரிய ஓரிரு நாள் ஆகலாம். இரு வீட்டாரும் சேர்ந்து பார்த்தால் வாக்குவாதமே குறைந்துவிடும்.

சரிசெய்ய, டைல்ஸ் இடுக்குகளில் எபாக்ஸி என்னும் பிசினை நிரப்புவது சிறு கசிவுக்குச் சில காலம் கைகொடுக்கும். நிலையான வழி, தரையை முழுதும் பெயர்த்து, பள்ளத்தைக் காலி செய்து, பாலிமர் சிமென்ட் பூச்சைப் பள்ளத்திலும் சுவரில் ஓர் அடிக்கு மேலும், ஷவர் பக்கம் ஆளுயரத்துக்கும் ஏற்றி, நீர் தேக்கிச் சோதித்து, அதன்பின் நிரப்புவது. பள்ளத்தின் அடிமட்டத்திலிருந்து ஒரு சிறு வடிகுழாயை வெளியே எடுத்துவிடச் சொல்லுங்கள். நாளை எது கசிந்தாலும் அது அந்தக் குழாய் வழியாக வெளியே தெரியும். கீழ் வீட்டுக்குள் வராது.

புதுக் கட்டடம். பில்டர் பொறுப்பேற்க மாட்டாரா?

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016-இன் 14(3) பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறையோ வேலைத்தரக் குறையோ தெரிவிக்கப்பட்டால், பில்டர் 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் முறையிடலாம். வாட்ஸ்அப்பில் சொன்னதோடு நிற்காமல், பதிவுத் தபாலில் படங்களுடன் எழுதுங்கள். நான்காவது மழைக்காலம் முடிந்ததுமே எல்லா வீடுகளிலும் ஒரு சுற்று பார்த்துப் பட்டியல் எடுத்துவிடுவது நல்லது.

வெளிச்சுவர் வழியாக ஓதம் வருகிறதே?

தூணும் செங்கல் சுவரும் சேரும் கோட்டில் விரிசல், சன்ஷேடின் தட்டையான மேற்புறம், ஜன்னல் சட்டத்தின் ஓரம், ஏசிக் குழாய்க்குத் துளைத்த ஓட்டை. இந்த நான்கையும் பாருங்கள். விரிசலைக் கீறித் திறந்து நிரப்பி, வலை பதித்துப் பூசிய பிறகே பெயின்ட். வெறும் பெயின்ட் விரிசலை மறைக்கும். ஒரு கோடைக்குள் மறுபடி வெடிக்கும்.

வேலை முடிந்தபின் என்ன செய்ய வேண்டும்?

மாடிக்கு ஒரு பூட்டும், சாவி வாங்குபவர் பெயர் எழுத ஒரு நோட்டும். எங்கள் இரண்டாவது வேலை வீணானது, முடிந்த இரண்டே மாதத்தில் ஒருவர் டிஷ் ஆன்டெனாவுக்கு நான்கு போல்ட் அடித்ததால். அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சோலார் பேனல், ஏசி வெளிப்பெட்டி, துணிக்கொடிக் கம்பம், எதுவானாலும் தளத்தைத் துளைக்காமல் கான்கிரீட் கட்டைமேல் நிறுத்த வேண்டும். பூந்தொட்டிகளை நேராகத் தளத்தில் வைக்காமல் ஸ்டாண்டில் வையுங்கள். வேர் இடுக்கில் இறங்கும்.

ஆண்டுக்கு இரண்டு முறை மாடியைக் கூட்டி, குழாய் வாய்களின் சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள். முதல் முறை புரட்டாசியில், மழைக்கு முன். இரண்டாவது தை முடிவில். அப்போது மூலைகளையும் தொட்டிக் கால்களையும் குனிந்து பார்த்து, எங்காவது பூச்சு எழும்பியிருந்தால் அந்த வாரமே மேஸ்திரியை அழைத்துவிடுங்கள். எங்கள் குடியிருப்பில் இந்த வேலையை இப்போது மூன்றாவது மாடியில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் ஏற்றிருக்கிறாள். கட்டிலை நடுக் கூடத்துக்கு இழுத்துப்போட்டுத் தூங்க வைத்த அந்தக் குழந்தையின் அக்கா அவள். போன புரட்டாசியில் கிழக்கு மூலைக் குழாயிலிருந்து ஒரு காக்கைக் கூட்டின் குச்சிகளை எடுத்துப் படம் அனுப்பியிருந்தாள்.